கஜத்துக்குக் காலணா

காஞ்சிபுரத்தில் பட்டு விளைவதில்லை. பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. ஊருக்கே சொந்தம் என்று இருப்பவை தறியும் அதில் உட்கார்ந்திருக்கும் மனிதரின் கையும்தான். வெளிநாட்டுப் பட்டுக்கு எவ்வளவு சுங்கம், ஜரிகைக்கு எவ்வளவு வரி என்பதெல்லாம் டில்லியில் தீர்மானமாகின்றன. ஆகவே பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டில் அடுப்பு எரிவதும் எரியாததும் பார்லிமெண்ட் விஷயமாகிவிடுகிறது.

லோக சபையில் ஓர் அங்கத்தினர் எழுந்து, தம் தொகுதியில் ரயில் நிற்பதில்லை, நூல் விலை ஏறிவிட்டது என்று பேசினால் சிரிப்பவர்கள் உண்டு. தேசத்தின் பெரிய காரியங்களைப் பேசும் இடத்தில் ஊர்ப் பேச்சா என்று கேட்பார்கள். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிப்பதில்லை. இந்த ஊர்ப் பேச்சு சபை ஏறுவதற்கு ஆயிரம் வருஷம் ஆயிற்று என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

காஞ்சிக்குத் தெற்கே இருக்கும் உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்துப் பெருமைப்படாதவர் நம்மில் யார்? முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியவை. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பேர் எழுதிக் குடத்தில் இட்டு, ஆள் எடுத்தார்கள். ஏரியைக் கவனிக்க ஒரு வாரியம், தோட்டத்தைக் கவனிக்க ஒரு வாரியம். பதவிக் காலம் ஒரே வருஷம். எல்லாம் வாஸ்தவம். ஆனால் பெருமை மிகுதியில் நாம் வேகமாகத் தாண்டிப் போகும் வரிகளும் அந்தக் கல்லில் இருக்கின்றன. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். சாஸ்திர ஞானம் வேண்டும். தறி ஒன்றே சொத்தாக உள்ளவன் பேர் அந்தக் குடத்தில் விழ வழியே இல்லை. வெள்ளைக்காரர் காலத்துச் சட்டசபைகளிலும் சொத்தும் வரியும்தான் பெரும்பாலும் ஓட்டுக்கு அளவுகோலாக இருந்தன.

நெசவாளி ஓட்டுச் சாவடிக்குள் நுழைந்தது 1952-இல். அப்போது காஞ்சிபுரம் என்றே ஒரு லோக சபைத் தொகுதி இருந்தது. காமன்வீல் கட்சியின் ஏ. கிருஷ்ணசாமி ஜெயித்தார். அந்த வருஷம் கைத்தறிக்குப் பொல்லாத வருஷம். துணி தேங்கிக் கிடந்தது. முதல் மந்திரி ராஜாஜி, வேஷ்டியையும் புடவையையும் கைத்தறிக்கே விட்டுவிடுங்கள் என்று டில்லியிடம் கேட்டார். வர்த்தக மந்திரியாக இருந்தவர் நம் டி. டி. கிருஷ்ணமாச்சாரி. கேட்டது முழுதும் கிடைக்கவில்லை. மில்கள் முன்பு நெய்த வேஷ்டியில் 60 சதவீதம் மட்டுமே நெய்யலாம் என்று ஒரு வரம்பு வந்தது. காஞ்சியில் பிறந்த அண்ணாதுரை 1953 தொடக்கத்தில் திருச்சித் தெருக்களில் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து விற்றார். அதே 1953-இல் பார்லிமெண்ட் ஒரு சட்டம் செய்தது: மில் துணி கஜத்துக்கு மூன்று பை, அதாவது பழைய கணக்கில் காலணா, தனி வரி. அந்தப் பணம் கதருக்கும் கைத்தறிக்கும்.

காலணாதானே என்று தோன்றும். மில்கள் நெய்ததோ கோடி கோடி கஜம்! அந்தக் காலணாக்கள் சேர்ந்துதான் கூட்டுறவுச் சங்கங்களில் நெசவாளி பங்கு சேரக் கடனாகவும், துணிக்குத் தள்ளுபடியாகவும் திரும்பி வந்தன. பருத்தித் தறியை முக்கியமாக நினைத்துச் செய்த ஏற்பாடுதான். இருந்தாலும் ஓட்டுக் கிடைத்த மறு வருஷமே தறியின் பேரால் ஒரு வரிச் சட்டம் பிறந்ததைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

1957-இல் காஞ்சிபுரம் தொகுதி மறைந்து செங்கற்பட்டோடு சேர்ந்தது. மறுபடி தனித் தொகுதியாக 2009 ஆயிற்று. இடையில், 1985-இல், சில துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கும் சட்டம் வந்தது. பட்டியலில் 22 இனங்கள். வழக்குப் போட்டார்கள், 1993-இல் சுப்ரீம் கோர்ட்டு சட்டம் செல்லும் என்றது. 1996-இல் பட்டியல் 11 ஆகச் சுருங்கிற்று. புடவை இன்னும் அதில் இருக்கிறது.

காகிதத்தில் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். கோர்வைப் புடவை நெய்ய மூன்று நாடா வேண்டும். நெய்கிறவர் பக்கத்தில் கரை நாடாவைத் தள்ள ஒரு துணையாளும் வேண்டும். இருவர் கூலி. விசைத்தறிக்குத் துணையாள் எதற்கு? கடை விளக்கில் பிரித்துக் காட்டும்போது எந்தத் தறியில் பிறந்த புடவை என்று வாங்குகிறவருக்குத் தெரிவதில்லை. ஆகவே காஞ்சி அங்கத்தினர் யாராயிருந்தாலும் நான் கேட்கச் சொல்வது இது: சென்ற வருஷம் எத்தனை விசைத்தறிகளைச் சோதித்தீர்கள், எத்தனை பேர் மீது வழக்கு, எத்தனை பேருக்குத் தண்டனை? கேள்விக்கு நட்சத்திரக் குறி போட்டுக் கொடுக்க வேண்டும். குறி இல்லாவிட்டால் எழுத்தில் பதில் வந்து அச்சாகிப் போய்விடும். நட்சத்திரம் இருந்து, முறையும் வந்தால், மந்திரி எழுந்து நின்று வாயால் பதில் சொல்லியாக வேண்டும். துணைக் கேள்வியும் கேட்கலாம்.