அந்த 40,000 டாலர் எங்கே போயிற்று?

போன மாதம் இரண்டாம் சனிக்கிழமை, வங்கிக்கு லீவு. வெளியே நாக்பூர் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த பையன், "ஏதாவது பேய்ப்படம் போடுங்கப்பா" என்றான். நான் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வைப் போட்டேன். "கறுப்பு வெள்ளையா?" என்று முகத்தைச் சுளித்தவன், அரை மணி நேரத்தில் செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான்.

1960-இல் வந்த படம். இதில் பேயே கிடையாது. திருச்சியில் பி.காம். படிக்கும்போது, அறை நண்பர்கள் காசு போட்டு வாடகைக்கு எடுத்த விசிடியில் முதல்முறை பார்த்தேன். அன்று ராத்திரி பாத்ரூம் போக ஆளுக்கு ஆள் துணை தேடினோம். இப்போது பல வருடம் கணக்குப் புத்தகத்தோடு குடித்தனம் நடத்திய பிறகு பார்த்தால், வேறொன்று கண்ணில் பட்டது. பணம்! அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. (முடிவைச் சொல்ல மாட்டேன், தைரியமாகப் படிக்கலாம்.)

கதை எளிது. மேரியன் ரியல் எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்ப்பவள். வெள்ளிக்கிழமை மதியம் ஒரு பணக்காரர் மகளுக்கு வீடு வாங்க 40,000 டாலரை ரொக்கமாகவே மேஜையில் போடுகிறார். முதலாளி பயந்துபோய், அதை வங்கி லாக்கரில் வைத்துவிட்டு வரச் சொல்கிறார். அவள் வங்கிக்குப் போகவில்லை, காதலன் ஊருக்குக் காரைத் திருப்புகிறாள். அன்றைய மாற்று விகிதம் டாலருக்கு 4 ரூபாய் 76 பைசா. ஆக, நம் கணக்கில் சுமார் 1,90,000 ரூபாய். அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் ஹிட்ச்காக்கின் சூத்திரம். 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவுக்குக் கொடுத்த நீண்ட பேட்டியில் அவர் சொன்ன விளக்கம் பிரபலம். இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது மேஜைக்கு அடியில் குண்டு திடீரென வெடித்தால், சில விநாடி அதிர்ச்சி, அவ்வளவுதான். அதே குண்டு இருப்பது நமக்கு முன்கூட்டியே தெரிந்து, பேசுகிறவர்களுக்குத் தெரியாமல் இருந்தால், அது எத்தனை நிமிடமானாலும் நம்மைச் சீட்டு நுனியில் உட்கார வைக்கும்.

'சைக்கோ'வில் அவர் காட்டுகிற குண்டு, அந்தப் பணக்கவர். மேரியன் துணிமணி எடுத்து வைக்கும்போது காமிரா கட்டிலில் கிடக்கும் கவருக்குப் போய்ப் போய் வருகிறது. வழியில் காரிலேயே தூங்கிவிட்டவளை எழுப்பும் போலீஸ்காரரின் முகம் திரை முழுக்க வருகிறது. கறுப்புக் கண்ணாடி, கண்ணே தெரியாது. அவர் ஒரு தப்பும் செய்யவில்லை, ஆனால் நமக்கு வியர்க்கிறது. பிறகு இரவு, மழை, வைப்பர் ஓடும் சத்தம். முதலாளி என்ன சொல்வார், பணக்காரர் எப்படிக் கத்துவார் என்று அவள் கற்பனை செய்வதெல்லாம் குரலாக நம் காதில் விழுகிறது. ஒரு முறை அவள் முகம், ஒரு முறை அவள் பார்க்கும் சாலை. இப்படி மாற்றி மாற்றி வெட்டியே நம்மை அவளுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்துவிடுகிறார். பல காட்சிகளுக்கு 50 எம்எம் லென்ஸைப் பயன்படுத்தினார். மனிதக் கண் பார்ப்பதற்கு நெருக்கமாக இருக்கட்டும் என்று.

வழியில் ஒரு மோட்டல். நடத்துபவன் நார்மன் பேட்ஸ், கூச்ச சுபாவமுள்ள இளைஞன். மேரியன் அறையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறாள். 40,000-இல் பழைய காரை மாற்றக் கொடுத்தது 700 போக, மீதி 39,300. திருப்பிக் கொடுத்துவிட முடிவு செய்துவிட்டாள் என்று நமக்குப் புரிகிறது. அப்பாடா, குண்டைச் செயலிழக்க வைத்தாகிவிட்டது என்று நாமும் மூச்சு விடுகிறோம். அவள் குளிக்கப் போகிறாள்.

மீதி உங்களுக்கே தெரியும். திரையில் அந்தக் கொலை முக்கால் நிமிடம்தான். எடுக்க ஏழு நாள் ஆனது. எழுபதுக்கும் மேற்பட்ட கோணங்கள். கத்தி உடம்பில் இறங்குவதைக் காட்டவே இல்லை என்று சொல்லலாம். கை, வாய், தண்ணீர், கத்தி, திரைச்சீலை என்று துண்டு துண்டாக வருகிறது, சேர்த்துப் பார்ப்பது நம் மூளை. ரத்தம் வெறும் சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளையில் யாருக்குத் தெரியும்? இந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் கேட்காமல் எழுதிக் காட்டினார். கேட்டதும் ஹிட்ச்காக் மனதை மாற்றிக்கொண்டார். படம் முழுக்க தந்தி வாத்தியங்கள் மட்டும்தான். அந்த வயலின்கள் கத்துவது இன்றுவரை உலகத்துக்கே தெரியும்.

கொலைக்குப் பிறகு காமிரா என்ன செய்கிறது என்று கவனியுங்கள். இறந்தவளின் முகத்தை விட்டு மெதுவாக அறைக்குள் நகர்ந்து, பணத்தைச் சுற்றி வைத்திருக்கும் செய்தித்தாளைக் காட்டுகிறது! நார்மன் பல நிமிடம் பேச்சே இல்லாமல் அறையைக் கழுவுகிறான். கடைசியில் உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாமல் அந்தச் செய்தித்தாளையும் காரில் எறிந்து, காரைச் சேற்றுக் குட்டையில் தள்ளுகிறான். கார் பாதியில் நிற்கிறது. "ஐயோ, முழுகாதா?" என்றான் என் பையன். சொல்லிவிட்டு அவனே திடுக்கிட்டுப் போனான். யாருக்காகப் பதறுகிறோம் பாருங்கள்!

ஆக, நாம் பார்த்துக்கொண்டிருந்த குண்டு ஓரிடம், வெடித்தது வேறிடம். அதற்குப் பிறகும் துப்பறிபவர், காதலன் என்று வருகிறவர்கள் எல்லாரும் பணத்தைத்தான் தேடுகிறார்கள்.

இதை எடுத்த துணிச்சலையும் சொல்ல வேண்டும். பாரமவுண்ட் கம்பெனிக்குக் கதை பிடிக்கவில்லை, முதல் போட மறுத்தது. முந்தைய வருடம்தான் பெரிய வண்ணப்படம் எடுத்திருந்த ஹிட்ச்காக், தன் டிவி தொடர் ஆட்களை வைத்துக்கொண்டு சுமார் 8 லட்சம் டாலரில் இதை முடித்தார். தனக்குச் சேர வேண்டிய 2,50,000 டாலர் சம்பளத்தை விட்டுக்கொடுத்து, படத்தில் 60 சதவிகிதப் பங்கு எழுதி வாங்கிக்கொண்டார். எங்கள் கடன் பிரிவில் இப்படி ஒரு பிரபோசல் வந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்போம். அவருக்கோ லாபம் கொட்டியது.

இன்னொன்று. அப்போது அமெரிக்கத் தியேட்டர்களில் படம் இடைவிடாமல் ஓடும், எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம். கதாநாயகி ஜேனட் லீ முக்கால் மணி நேரம் தாண்டியதுமே இறந்துவிடுகிறாரே, தாமதமாக வருகிறவன் அவரைத் தேடிக்கொண்டே உட்கார்ந்திருப்பான். அதனால் படம் தொடங்கிய பிறகு யாரையும் விடக்கூடாது என்று ஹிட்ச்காக் கட்டளை போட்டார். ஜனங்கள் வரிசையில் நின்றார்கள்.

படம் முடிந்ததும் எனக்கு ஒரு பழைய சாயங்காலம் ஞாபகம் வந்தது. வேலையில் சேர்ந்த புதிது, ஊர் வேண்டாம். கேஷ் 5,000 ரூபாய் குறைந்தது. ராத்திரி எட்டரை வரை எல்லாக் கட்டுகளையும் பிரித்துப் பிரித்து எண்ணினோம். மேனேஜர் கத்தினார். வயதான கேஷியர் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் வேறொரு கட்டில் பணம் அதிகமாக இருந்தது, டேலி ஆகிவிட்டது, எல்லாரும் டீ குடித்தோம். அவருடைய மனைவி ஒரு வாரமாக ஆஸ்பத்திரியில் கிடந்ததும், இவர் ராத்திரி முழுக்க அங்கே கண்விழித்துவிட்டுக் காலையில் கவுண்டருக்கு வந்துகொண்டிருந்ததும் மூன்று நாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரியவந்தது. அவர் கை நடுங்கியதை அன்று நானும் பார்த்தேன். பணத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் கண்ணைத் திருப்ப அங்கே ஹிட்ச்காக் யாரும் இல்லை. நாங்களாகவேதான் அப்படிப் பார்த்தோம். இப்போது கேஷ் டேலி ஆகாத நாளில் முதலில் கேஷியரை உட்கார வைத்து, "சாப்பிட்டீங்களா, வீட்டில் எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்கிறேன். கட்டுகளை அப்புறம் எண்ணிக்கொள்ளலாம்.

இதுவரை பார்க்காதவர்கள் விளக்கை அணைத்துவிட்டு, தொடக்கத்திலிருந்து பாருங்கள். முடிவை மட்டும் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள். 1960-இல் வந்த விளம்பரங்களே கேட்டுக்கொண்ட விஷயம் அது.