பார்க்காததைப் பார்த்தவர்

உங்கள் கம்ப்யூட்டர் திரையைக் கொஞ்சம் பாருங்கள். பாதி அடித்த லெட்டர் ஒரு விண்டோவில். அதன் மூலையை மறைத்தபடி ஆபீஸ் கணக்கு. அதற்கும் மேலே ரயில் டிக்கெட். இதிலென்ன அதிசயம் என்கிறீர்களா? இதற்குப் பின்னால் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டில் இருக்கிறது. ஏறக்குறைய ஏழு வருஷம் இழுத்த கோர்ட் கேஸும் இருக்கிறது.

1970களில் கலிஃபோர்னியாவில் ஜெராக்ஸ் நடத்திய ஆராய்ச்சிக்கூடம், பார்க். (ஆமாம், காப்பி மெஷின் ஜெராக்ஸேதான்.) திரை சின்னது, காட்ட வேண்டியதோ ஏராளம். மேஜையில் காகிதங்கள் கிடப்பது மாதிரி விண்டோக்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டார்கள், ஆலன் கே குழுவினர்.

1979 டிசம்பரில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிள் ஆட்களோடு அங்கே போனார். அவர்களில் ஒருவர் பில் அட்கின்சன். அடியில் இருக்கும் விண்டோவின் வெளியே தெரிகிற பகுதியில்கூட உடனுக்குடன் எழுத்து மாறுவதைப் பார்த்ததாக நினைத்துக்கொண்டு திரும்பினார். ஜெராக்ஸால் முடிந்தது நம்மால் முடியாதா?

லேசில் முடியவில்லை. ஒரு விண்டோ இன்னொன்றின் மூலையை மறைத்தால் மிச்சம் 'ட' வடிவில் நிற்கும். மூன்றாவது வந்தால் மாடிப்படி மாதிரி. அந்தக் கோணல்மாணல் பரப்புக்குள் மட்டும், அதுவும் மின்னல் வேகத்தில் வரைய வேண்டும். மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு வழி கண்டுபிடித்தார். பெயர் 'ரீஜன்ஸ்'.

அப்புறம்தான் தெரிந்தது, ஜெராக்ஸ் அதைச் செய்யவே இல்லை! அங்கே அடியில் கிடப்பதில் ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் அதை மேலே கொண்டுவந்தாக வேண்டும். அட்கின்சன் செய்ததைக் கேட்டு பார்க் ஆட்களே அசந்துபோனார்கள்.

இந்த வேலை நடந்த காலத்தில் ஒருநாள், நின்றிருந்த லாரியில் தன் காரை மோதினார் அட்கின்சன். பிழைத்ததே பெரிய விஷயம். ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த ஜாப்ஸிடம், கண் விழித்தவர் சொன்னது: கவலைப்படாதீர்கள், ரீஜன்ஸ் இன்னும் ஞாபகம் இருக்கிறது. மனுஷரைப் பாருங்கள்!

1983ல் லிசா, 1984ல் மேக்கின்டோஷ். 1985ல் வந்த மைக்ரோசாஃப்டின் முதல் விண்டோஸில் ஜன்னல்கள் தரையில் பதித்த ஓடுகள் மாதிரி பக்கம்பக்கமாகத்தான் நின்றன. 1987ல் அதுவும் ஒன்றன்மேல் ஒன்று ஏற, 1988ல் ஆப்பிள் கேஸ் போட்டது. பல ஜன்னல்களைக் காட்ட இரண்டே வழிதான், பக்கத்தில் வை, அல்லது மேலே வை. அதில் ஒன்றை ஒருவருக்கே பட்டா போட்டுத் தர முடியாது என்றது கோர்ட். ஆப்பிள் 1995 வரை மேல்முறையீடு செய்து பார்த்தது. பலிக்கவில்லை.

நடுவில், 1989ல், ஆப்பிள் மேலேயே ஜெராக்ஸ் ஒரு கேஸ் போட்டது. ரொம்ப லேட். மறு வருஷமே அதில் பெரும்பகுதி தள்ளுபடி.