முத்திரை விழுந்த காசும் முத்திரை விழுந்த தகரமும்

காசு சேர்க்கிறவர்கள் வழமையாகத் தேடுவது கீறல் விழாத காசைத்தான். ஆனா ஒரு வகைக் காசுக்கு மட்டும் அடி விழுந்தால்தான் மதிப்பு. அரசாங்கம் வெளியிட்ட காசின் மேல், பிறகு யாரோ ஒருவர் இரும்பு அச்சை வைத்துச் சுத்தியலால் அடித்துத் தன் பெயரைப் பதித்திருப்பார். இதை மறுமுத்திரை என்று சொல்லலாம்.

இந்த வகைக் காசுக்குப் பேர்போன இடம் பழைய ஐக்கிய அமெரிக்கா. 1793 முதல் 1857 வரை அங்கே பெரிய செம்புச் சதங்கள் அடிக்கப்பட்டன. ஸ்பானிய வெள்ளிக் காசுகளும் 1857 வரை அங்கே சட்டப்படி செல்லும். நியூயோர்க் பொற்கொல்லர் எஃப்ரைம் பிராஷர், தான் நிறுத்துப் பார்த்த தங்கக் காசுகளில் தன் பெயரின் முதலெழுத்துகளை அடித்தார். அது ஒரு உத்தரவாதம். நியூ ஹாம்ஷயரில் பிட்ஸ்ஃபீல்ட் ஊரில் இருந்த வில்கின்ஸ் என்ற பல் வைத்தியர் செம்புச் சதங்களில் தன் பெயரை அடித்து விட்டார். பால்டிமோரில் ஹூக் என்பவர் தன் மருந்தின் பெயரை வெள்ளிக் காசில் அடித்தார். இவை விளம்பரங்கள். காசு கை மாறும்போதெல்லாம் பெயரும் சேர்ந்து போகும், செலவே இல்லை பாருங்க!

இப்படி ஒரு காசு கைக்கு வந்தால் மூன்று கேள்வி கேட்க வேண்டும்.

முதலாவது, அடி உண்மையானதா? அச்சால் அடித்தால் உலோகம் விலகி எழுத்தின் ஓரத்தில் லேசாக மேடு தட்டும், பின்பக்கம் அதே இடம் தட்டையாகும். செதுக்கியிருந்தால் உலோகம் வெட்டுப்பட்டுப் போயிருக்கும். காசு முழுக்கக் கறுத்திருக்க, எழுத்தின் உள்பக்கம் மட்டும் பளபளத்தால் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது, அடித்தது யார்? பெயரும் ஊரும் தெரிந்தால் அது வரலாறு. வெறும் இரண்டு எழுத்தென்றால் பெரும்பாலும் புதிர்தான். கிரெகரி பிரங்க் போன்றவர்கள் இதற்கென்றே பெரிய பட்டியல்கள் தொகுத்திருக்கிறார்கள்.

மூன்றாவது, எத்தனை மிஞ்சியிருக்கின்றன? வில்கின்ஸ் பெயர் நிறையக் காசுகளில் இருக்கிறது, அதனால் அது எட்டாத விலைக்குப் போவதில்லை. ஒன்றோ இரண்டோ மட்டும் மிஞ்சிய பெயருக்குத்தான் போட்டி.

சரி, இதற்கும் ஹட்டனுக்கும் என்ன சம்பந்தம்?

இலங்கைக்கும் இந்தப் பழக்கம் புதிதல்ல. 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரின் வெள்ளிக் காசுகள் மேல் தங்கள் கம்பெனி முத்திரையை அடித்துப் புழங்கவிட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில், மலையிலிருந்து இறங்கிய கோப்பியைக் கொழும்பு மில்களில் சுத்தம் செய்தவர்களுக்கு, செய்த வேலைக்குக் கணக்காக உலோக வில்லைகள் கொடுத்தார்கள். ஜார்ஜ் ஸ்டூவர்ட் கம்பெனியின் வேகந்த மில் வில்லை அதில் ஒன்று. 1924இல் வெளிவந்த கொட்ரிங்டனின் இலங்கை நாணய நூலைப் போன்ற புத்தகங்களால் இவற்றைச் சேர்க்கிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது.

ஆனால் நம்ம ஆட்களோடு நேரடியாக ஒட்டிய முத்திரை காசில் விழவில்லை, தகரத்தில் விழுந்தது. 1900களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டிலிருந்து தோட்டத்துக்கு ஆள் திரட்டியபோது 'டின் டிக்கட்' என்ற ஒன்றைக் கொடுத்தார்கள். தோட்டத்தைக் காட்டும் எழுத்தும் எண்ணும் பதித்த சின்னத் தகர வில்லை. அதைக் காட்டினால் வழிச்செலவு தோட்டத்துக் கணக்கில் ஏறும். பிறகு அந்தச் செலவு கங்காணி வழியாகத் தொழிலாளியின் கடனாகத் தலையில் விழும். தோட்டம் மாறப் போனால் 'துண்டு' என்ற சீட்டில் அந்தக் கடனும் கூடவே போகும். புதுத் தோட்டம் கடனைக் கட்டினால்தான் ஆள் போகலாம். துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அமெரிக்க வியாபாரி காசில் தன் பெயரை அடித்தார். இங்கே தகரத்தில் விழுந்தது தோட்டத்தின் அடையாளம். அதைக் கொண்டுவந்த ஆளின் பெயர் அதில் இல்லை, எண்தான் இருந்தது. அந்தத் தகரத்துக்கு உலோக மதிப்பும் கிடையாது. அது சுமந்தது ஒரு மனுஷரின் கடனை.

அதனால் இதற்கும் அதே மூன்று கேள்விகள்தான். ஆனால் இரண்டாவது கேள்விக்கு இரண்டு பதில் வேண்டும். அடித்தது யார் என்பதை எழுத்து சொல்லும். அதைக் கையில் பிடித்து வந்தது யார் என்பதை நம்ம வீட்டு ஆட்கள்தான் சொல்ல முடியும்.

லயத்தில் பழைய டிரங்குப் பெட்டியின் அடியில் இப்படி ஒரு வில்லை கிடந்தால் பிராசோ போட்டு மினுக்காதீங்க. நிறமும் துருவும்தான் அதன் வயதுக்குச் சாட்சி. இரண்டு பக்கத்தையும் படம் எடுங்கள், எடையையும் அகலத்தையும் குறித்து வையுங்கள். யார் வைத்திருந்தது, எந்தத் தோட்டம், எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று பாட்டியிடம் கேட்டு எழுதுங்கள். பழைய இரும்பு, போத்தல் வாங்க வருகிறவர் அதை எடை போட்டு எடுப்பார். விலை போடுவதற்கு முன்னால் பெயரை எழுதிவிட வேண்டும்.