காவிரி டெல்டாவின் கொசுவழி நோயாய்வு

நெல், நீர், கால்நடை, கொசு, மனிதர் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து நோயைக் கணிக்கும் ஆய்வுத்துறை. தஞ்சை வட்டாரத்தில் இதன் வரலாறு பட்டுக்கோட்டையில் தொடங்குகிறது. 1934இல் மேட்டூர் அணை முடிந்து, கல்லணைக் கால்வாய் (ஊர்மக்களுக்குப் புதாறு) அந்த வறண்ட சீமைக்குத் தண்ணீர் கொண்டுவந்தது. மலேரியாவும் பெருகியது. ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் மருத்துவர் பால் ரஸ்ஸல் அங்கே வயல்களில் இறங்கி ஆய்ந்தார். மலேரியா பரப்பும் அனாபிலிஸ் கியூலிசிஃபேசிஸ் கொசு, நட்ட புதிதில் வெயில்படும் வயல்நீரில் முட்டையிடுகிறது; பயிர் வளர்ந்து நெருங்கியதும் விலகிவிடுகிறது. வயலைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக (நீரை வற்றவிட்டு மீண்டும் பாய்ச்சி) வைத்துக் கொசுப்புழுக்களைக் கொல்லும் சோதனையை அவர் குழு 1942இல் வெளியிட்டது.

நெல்வயலோடு சேர்ந்த அடுத்த நோய் ஜப்பானிய மூளைக்காய்ச்சல். இந்தியாவில் அது முதலில் அறியப்பட்டது 1955இல், வேலூரில். இதைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசுக்கள் வயல்நீரில் வளர்பவை. 1985இல் மதுரையில் அமைந்த மருத்துவப் பூச்சியியல் ஆராய்ச்சி மையத்தில் ரேச்சல் ரூபன் குழுவினர் அசோலா (நீரில் மிதக்கும் பெரணி), வேப்பம் பொருள்கள், நீர் மேலாண்மை ஆகியவற்றை வயலிலேயே சோதித்தனர். யூரியா போன்ற தழைச்சத்து உரங்கள் கொசுப்புழுவைப் பெருக்குவதும் தெரியவந்தது. ஆனால் காய்ச்சலும் பாய்ச்சலும் முறைக்கு ஆயக்கட்டு முழுதும் ஒத்துழைக்க வேண்டும். அடுத்த முறைத் தண்ணீர் வருமா என்று தெரியாத கடைமடை விவசாயி, நிற்கும் நீரை எப்படி வடிய விடுவார்?

இந்த வரலாற்றில் மிக முக்கியமானது 2000இல் வெளியான ஓர் ஆய்வு என்பேன். தஞ்சைக் கிராமக் குழந்தைகளிடம் மூளைக்காய்ச்சல் வைரஸ் தொற்று குறைவாகவே காணப்பட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் நெல். ஆனால் நோய் அரிது. வைரஸ் முக்கியமாகப் பெருகுவது பன்றியின் உடலில். மாட்டைக் கடிக்கும் கொசுவிடமிருந்து வைரஸ் மாட்டுக்குள் போனாலும் அங்கே பெருகி மீள்வதில்லை. அப்போது தஞ்சையில் பன்றிகள் குறைவு, மாடுகள் மிகுதி. கொசுவும் மாட்டையே நாடுகிறது. வயல்நீரை மட்டும் பார்த்து அபாய வரைபடம் போட்டிருந்தால் டெல்டா முழுதும் சிவந்திருக்கும்.

கணினி இந்த ஆய்வுத்துறைக்குள் வந்தது யானைக்கால் நோய் வழியாக. 1975இல் தொடங்கிய புதுச்சேரி நோய்ப்பரப்பி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், உயரம், வெப்பம், மழை, ஈரப்பதம், மண்வகை ஆகியவற்றைப் புவித்தகவல் முறையில் இணைத்துத் தமிழகத்துக்கான தொற்று அபாயக் கணிப்பு முறையை 2006இல் வெளியிட்டது. கும்பகோணம் போன்ற ஊர்களில் இந்நோயைப் பரப்பும் கொசு சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் வளர்கிறது. அவற்றைச் செயற்கைக்கோள் காட்டாது. தெருத்தெருவாக நடந்தே குறிக்க வேண்டும்.

இன்று உழவுக்கு டிராக்டர் வந்து, உழவுமாடுகள் குறைந்துவிட்டன. மாடு குறைந்த கிராமத்தில் கொசு யாரைத் தேடும்? மேட்டூர் திறப்புத் தேதி, குறுவை-சம்பா நடவுப் பரப்பு, கால்நடைக் கணக்கெடுப்பு ஆகிய மூன்றும் அரசிடம் உள்ளன. அவற்றை ஒரே கணினி மாதிரியில் சேர்த்து, தஞ்சைக் குழந்தைகளிடம் அந்த மூளைக்காய்ச்சல் வைரஸ் பரிசோதனையை மீண்டும் செய்ய வேண்டும்.