இசைத்தட்டில் இல்லாத பெயர்



என் பாட்டனார் வீட்டுப் பரணில் பழைய அரக்கு இசைத்தட்டுகள் சில கிடந்தன. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டுகள் அவை. ஒரு பக்கத்தில் மூன்று நிமிடப் பாட்டுக்குத்தான் இடம். நடுவில் ஒட்டிய வட்டத் தாளிலோ ஓரிரு பெயர்களுக்கே இடம். பாட்டை உருவாக்கியவர் அத்தனை பேரும் அந்தத் தாளில் அடங்குவரா? சிறுவயதில் எனக்குத் தோன்றாத இக்கேள்வியை இன்று உங்கள்முன் வைக்கிறேன். இதற்கு விடை தேட நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை.

கோயமுத்தூரிலிருந்து திருச்சிச் சாலையில் சென்றால் சிங்காநல்லூர் வரும். பஞ்சாலைகளால் பேர்பெற்ற அவ்வூரில், 1940-களில் சென்டிரல் ஸ்டூடியோ சிறந்து விளங்கிற்று. ஜூபிடர் நிறுவனத்தின் 'ராஜகுமாரி' (1947) அங்கே உருவான படம். அதற்கு இசையமைத்தவர் எஸ்.எம். சுப்பையா நாயுடு. அந்நாளில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாகக் கூடி ஒரே மூச்சில் ஒலிப்பதிவு செய்வார்கள். ஒருவர் தவறினாலும் பாட்டு முழுவதையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே குழுவிலிருந்த ஒவ்வொருவருடைய உழைப்பும் அந்த மூன்று நிமிடங்களில் கலந்திருந்தது.

அக்குழுவுக்கு ஏவலாளாக வந்து சேர்ந்தவர், பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் 1928-இல் பிறந்த எம்.எஸ். விசுவநாதன். பிறகு ஆர்மோனியம் வாசிக்கும் நிலைக்கு உயர்ந்தார். அவர் அமைத்த மெட்டு ஒன்று 'அபிமன்யு' (1948) படத்தில் ஆசிரியரின் பெயரால் வெளிவந்தது என்பர். ஜூபிடர் நிறுவனம் கோவையைவிட்டுச் சென்னைக்குப் பெயர்ந்தபோது, "அந்த மெட்டு இந்தப் பையனுடையது" என்று சுப்பையா நாயுடுவே முதலாளியிடம் எடுத்துரைத்து, அவரையும் உடன் அழைத்துச் செல்லச் செய்தாராம். தமக்கு வந்த புகழைத் தம் வாயாலேயே மாணவருக்கு உரியதாக்கிய பெருந்தன்மை அது!

சென்னையில் விசுவநாதன், சி.ஆர். சுப்பராமனின் குழுவில் சேர்ந்தார். திருச்சியில் பிறந்த வயலின் வித்துவான் டி.கே. இராமமூர்த்தியும் அதே குழுவில் இருந்தார். 1952-இல் சுப்பராமன் இளமையிலேயே மறைந்தார். 'தேவதாஸ்' உள்ளிட்ட அவருடைய பணிகள் பாதியில் நின்றன. அவற்றை நிறைவு செய்தவர்கள் இவ்விருவருமே. அவ்வாண்டிலேயே 'பணம்' படத்தின் வாயிலாக விசுவநாதன்–இராமமூர்த்தி என்னும் இரட்டைப் பெயர் தோன்றிற்று. வயதில் மூத்தவர் இராமமூர்த்தி. பெயரில் முன்நின்றவர் விசுவநாதன்.

'பாசமலர்', 'பாவ மன்னிப்பு' (1961), 'காதலிக்க நேரமில்லை' (1964) என்று அவர்கள் தந்த படங்களை நீங்கள் அறிவீர்கள். அவர்களுக்குத் துணைநின்ற ஆர். கோவர்த்தனத்தை எத்தனை பேர் அறிவார்கள்? 1963-இல் 'மெல்லிசை மன்னர்கள்' என்னும் பட்டம் இருவருக்கும் சேர்ந்தே கிடைத்தது. 1965-இல், 'ஆயிரத்தில் ஒருவ'னோடு இருவரும் பிரிந்தனர். விசுவநாதன் நூற்றுக்கணக்கான படங்களுக்குத் தனித்து இசையமைத்தார். இராமமூர்த்திக்கு வாய்த்தவை மிகச் சிலவே. முப்பது ஆண்டுகளுக்குப்பின், 1995-இல், 'எங்கிருந்தோ வந்தான்' படத்தில் மீண்டும் கைகோத்தனர். இராமமூர்த்தி 2013-இலும் விசுவநாதன் 2015-இலும் மறைந்தனர்.

பிரிந்தபின் ஒருவர் பெற்ற வெற்றியைக் கொண்டு, சேர்ந்திருந்த நாளில் மற்றவருடைய பங்கு சிறிதென்று முடிவு கட்டலாமா? கூடாது என்பதே என் கருத்து. எந்த இழை எவர் நெய்தது என்று முடிந்த துணியைப் பார்த்துச் சொல்லிவிட முடியுமா? நெசவாளர் நிறைந்த கொங்குநாட்டில் வாழும் நமக்கு இது எளிதில் விளங்கும். பாட்டும் அத்தகையதே.

ஆகவே மாணவர்களே, வரலாறு படிக்கும்போது தாளில் அச்சான பெயரோடு நின்றுவிடாதீர்கள். அதன் பின்னே இருந்தவர்கள் யாவர் என்று கேளுங்கள். சுப்பையா நாயுடு அன்று வாய் திறவாதிருந்தால், சிங்காநல்லூரில் ஒரு பையன் அமைத்த மெட்டும் பெயரற்றே போயிருக்கும்.