விடலைப் பருவ நாய்களின் கீழ்ப்படியாமை

விடலைப் பருவ நாய்களின் கீழ்ப்படியாமை என்பது, குட்டிப் பருவத்தைக் கடந்து இன்னும் முழு வளர்ச்சி எய்தாத நாய்கள், தாம் முன்பு கற்றுக்கொண்ட கட்டளைகளுக்கு இணங்கத் தவறும் நிலையைக் குறிக்கும். பெரும்பாலும் 6 மாத வயதுக்குப் பின் தோன்றும் இந்நிலை வளர்ச்சியின் ஒரு கட்டம் ஆகும். நோயோ நிலையான குணக்கேடோ அன்று. எனினும், இப்பருவத்தில் நாயின் உடல் ஏறத்தாழ முழு அளவை எட்டிவிடுவதாலும், வளர்ப்பவர்கள் இம்மாற்றத்தை எதிர்பாராததாலும், பல நாய்கள் கடுமையாகத் தண்டிக்கப்படுவதும் கைவிடப்படுவதும் இவ்வயதில் நிகழ்கின்றன. ஆகவே இந்நிலையைப் புரிந்துகொண்டு கையாளுதல் நாய் வளர்ப்பில் முக்கியமான ஒன்றாகக் கருதப்படுகிறது.

பருவமும் வயதும்

நாய்களில் விடலைப் பருவம் பொதுவாக 6 மாதம் முதல் 18 மாதம் வரை நீடிக்கிறது. சிறிய உடல் கொண்ட இனங்கள் விரைவாகவும், பெரிய இனங்கள் தாமதமாகவும் முதிர்ச்சி அடைகின்றன. மிகப் பெரிய இனங்களில் இப்பருவம் 2 வயது வரையோ அதற்கு மேலோ நீளலாம். பெண் நாய்கள் முதன்முறை பருவத்துக்கு வருவது 6 மாதம் முதல் 24 மாதத்துக்குள் நிகழ்கிறது. ஒவ்வொரு பருவச் சுழற்சியிலும் அறிகுறிகள் சுமார் 3 வாரங்கள் காணப்படும்.

பாலியல் முதிர்ச்சியும் நடத்தை முதிர்ச்சியும் ஒரே வேளையில் நிறைவடைவதில்லை. இனப்பெருக்கம் செய்யும் தகுதியைப் பெற்ற பின்னரும், தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் திறன் வளர மேலும் பல மாதங்கள் ஆகும். எடுத்துக்காட்டாக, 8 மாத லாப்ரடார் நாய் 20 கிலோகிராமுக்கு மேல் எடை கொண்டிருக்கும். வளர்ந்த ஒருவரைக் கீழே இழுத்துத் தள்ளும் வலிமையும் அதற்கு உண்டு. ஆனால் அதன் பொறுமையும் கவனமும் இன்னும் குட்டிக்குரியவையே. உடலுக்கும் நடத்தைக்கும் இடையிலான இந்த இடைவெளியே இப்பருவத்தின் சிக்கல்களுக்கு அடிப்படை ஆகும்.

அறிகுறிகள்

இப்பருவத்தில் பின்வரும் மாற்றங்கள் பரவலாகக் காணப்படுகின்றன:

- அழைத்தால் வராமை, அல்லது பலமுறை அழைத்த பின்னரே வருதல்
- நடைப்பயிற்சியின்போது வாரைப் பலமாக இழுத்தல்
- ஆட்கள் மீது தாவுதல், துணியையோ கையையோ கவ்வுதல்
- மரச்சாமான், காலணி முதலியவற்றைக் கடித்துக் குதறுதல்
- ஆண் நாய்கள் காலைத் தூக்கிச் சிறுநீரால் அடையாளமிடுதல், வீட்டைவிட்டு ஓடி அலைதல்
- முன்பு அஞ்சாத ஒலிகளுக்கும் பொருள்களுக்கும் திடீரென அஞ்சுதல்

ஒரு நாயிடம் இவை அனைத்தும் தோன்ற வேண்டும் என்பதில்லை. சில நாய்களில் மாற்றம் மிகக் குறைவாகவே இருக்கும். இனத்தின் இயல்பும் இதில் பங்கு பெறுகிறது. சிப்பிப்பாறை, கன்னி போன்ற, பார்வையால் வேட்டையாடும் நாய்கள் ஓடும் இரையைத் துரத்துவதற்கென்றே வளர்த்தெடுக்கப்பட்டவை. அவை இவ்வயதில் ஓடும் பூனையையோ ஆட்டையோ கண்டால், அழைக்கும் குரலைப் பொருட்படுத்தாதிருப்பது வியப்பன்று.

காரணங்கள்

உடலியல் மாற்றங்கள்

பருவமடையும்போது பாலியல் இயக்குநீர்களின் அளவு உயர்கிறது. ஆண் நாய்களில் டெஸ்டோஸ்டீரோன் மிகுவதால் மணங்களின் மீதும் பிற நாய்களின் மீதும் ஆர்வம் கூடுகிறது. பாலூட்டிகளின் விடலைப் பருவத்தில் மூளையும் மறுசீரமைப்புக்கு உள்ளாகிறது. உணர்ச்சி, ஊக்கம் ஆகியவற்றோடு தொடர்புடைய பகுதிகள் முனைப்பாக இயங்க, அவசரத் தூண்டுதல்களை அடக்கும் முன்மூளைப் புறணி பிந்தியே முதிர்கிறது. எனவே கட்டளையை அறிந்திருந்தும், எதிரே தோன்றும் கவர்ச்சியை விட்டு விலக நாயால் இயலாமற் போகிறது.

கற்றலின் இயல்பு

நாய்கள் ஒரு கட்டளையை அது கற்பிக்கப்பட்ட சூழலோடு சேர்த்தே கற்கின்றன. வீட்டுக் கூடத்தில் "உட்கார்" என்றவுடன் உட்காரும் நாய், தெருவில் அச்சொல்லுக்கு உட்காராதிருப்பது பெரும்பாலும் பிடிவாதம் ஆகாது. அச்சூழலில் அது இன்னும் பயிற்சி பெறவில்லை என்பதே பொருள். குட்டிப் பருவத்தில் வெளியுலகின் கவர்ச்சி குறைவு என்பதால் இக்குறை வெளிப்படுவதில்லை.

மேலும், பலன் தரும் நடத்தையே மீண்டும் நிகழ்கிறது. அழைப்பைப் புறக்கணித்து ஓடிய நாய்க்கு, ஓட்டமும் விளையாட்டுமே வெகுமதி ஆகின்றன. ஒவ்வொரு முறையும் இது நிகழும்போது "வா" என்னும் சொல் தன் மதிப்பை இழக்கிறது.

வளர்ப்பவருடனான பிணைப்பு

பெற்றோருக்கும் சேய்க்கும் இடையே நலன்கள் மாறுபடுவதால் முரண் தோன்றும் என்னும் கருத்தை அமெரிக்கப் படிமலர்ச்சி உயிரியலாளர் ராபர்ட் டிரிவர்ஸ் 1974 ஆம் ஆண்டில் முன்வைத்தார். வீட்டு நாய் தன்னை வளர்ப்பவரோடு கொள்ளும் பிணைப்பு, சேய் பெற்றோரோடு கொள்ளும் பிணைப்பை ஒத்தது. ஆகவே விடலைப் பருவ முரண் மனிதருக்கும் நாய்க்கும் இடையிலும் தோன்றக்கூடும் என ஆய்வாளர்கள் கருதினர்.

2020 ஆம் ஆண்டு ஆய்வு

இக்கருத்தைச் சோதித்த ஆய்வு ஒன்றை லூசி ஆஷர் தலைமையிலான குழு 2020 ஆம் ஆண்டில் பயாலஜி லெட்டர்ஸ் என்னும் ஆய்விதழில் வெளியிட்டது. நியூகாசில், நாட்டிங்காம், எடின்பரோ பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இதில் பங்கேற்றனர். பார்வையற்றோருக்கு வழிகாட்டும் பணிக்காக வளர்க்கப்பட்ட நாய்கள் ஆராயப்பட்டன.

லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், இவ்விரண்டின் கலப்பினம் ஆகியவற்றைச் சேர்ந்த 69 நாய்கள் 5 மாத வயதிலும் 8 மாத வயதிலும் சோதிக்கப்பட்டன. "உட்கார்" என்னும் கட்டளையை ஒருமுறை வளர்ப்பவரும் ஒருமுறை புதியவரும் கொடுத்தனர். 8 மாத வயதில், வளர்ப்பவரின் கட்டளைக்கு இணங்காமை முன்னைவிடக் கூடியிருந்தது. ஆனால் புதியவரின் கட்டளைக்கு இணங்குதல் குறையவில்லை. முன்னைவிட மேம்பட்டே இருந்தது. அதாவது நாய் கட்டளையை மறந்துவிடவில்லை.

285 நாய்களைப் பற்றிய வினாப்பட்டியல்களும் இதை உறுதிப்படுத்தின. வளர்ப்பவர்கள் 8 மாத வயதில் நாயின் பயிற்சித் திறனுக்கு, 5 மாத வயதிலும் 12 மாத வயதிலும் கொடுத்ததைவிடக் குறைந்த மதிப்பைக் கொடுத்தனர். நாயுடன் அதிகம் பழகாத பயிற்சியாளர்களோ, 5 மாதத்துக்கும் 8 மாதத்துக்கும் இடையே அத்திறன் உயர்ந்ததாகக் குறிப்பிட்டனர். வளர்ப்பவருடன் உறுதியற்ற பிணைப்புக் கொண்ட பெண் நாய்கள் முன்னதாகவே பருவமடையும் போக்கும் கண்டறியப்பட்டது.

இவ்வாய்விலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, இக்கீழ்ப்படியாமை நாய் மிகவும் நெருங்கியிருக்கும் மனிதரிடமே கூடுதலாக வெளிப்படுகிறது. இரண்டாவது, இது தற்காலிகமானது. 12 மாத வயதுக்குள் பெரும்பாலும் தணிந்துவிடுகிறது.

"தலைமை நாய்" கருத்தும் அதன் மறுப்பும்

கீழ்ப்படியாத நாய் வீட்டில் தலைமையைக் கைப்பற்ற முயல்கிறது என்றும், அதை அடக்கியாள வேண்டும் என்றும் ஒரு கருத்து நீண்டகாலம் நிலவியது. பேசல் உயிரியல் பூங்காவில் அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்களைக் குறித்து ருடால்ப் ஷெங்கல் 1947 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இக்கருத்துக்கு மூலமாக அமைந்தது. அமெரிக்க உயிரியலாளர் டேவிட் மெக் 1970 ஆம் ஆண்டில் எழுதிய நூல் இதைப் பரவலாக்கியது.

பின்னர் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் இயற்கையாக வாழும் ஓநாய்களை நேரில் கவனித்த அதே மெக், 1999 ஆம் ஆண்டில் தம் கருத்தைத் திருத்தினார். இயற்கையில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, அவற்றின் குட்டிகள் ஆகியோரைக் கொண்ட குடும்பமே என்றும், தலைமைக்கான போட்டி அங்கு அரிது என்றும் அவர் விளக்கினார்.

கையாளும் முறைகள்

தவறு நிகழும் வாய்ப்பைக் குறைத்தல்

நாய் நிச்சயமாக வராது எனத் தெரியும் இடத்தில் அதை அழைக்காதிருப்பது நல்லது. திறந்தவெளியில் 5 முதல் 10 மீட்டர் நீளமுள்ள கயிற்றை, கழுத்துப்பட்டையில் அல்லாமல் மார்புப்பட்டையில் இணைத்துப் பயன்படுத்தலாம். இதனால் நாய்க்கு ஓடும் உரிமை கிடைப்பதோடு, அழைப்பைப் புறக்கணித்து ஓடிப் பழகும் வாய்ப்பும் அற்றுப்போகிறது. கடிக்கக்கூடாத பொருள்களை எட்டாத இடத்தில் வைத்து, கடிப்பதற்குரிய பொருள்களைக் கொடுத்தல் வேண்டும்.

பயிற்சியை எளிதாக்கித் தொடங்குதல்

முன்பு கற்பித்தவற்றை மீண்டும் தொடக்கத்திலிருந்து கற்பிக்க வேண்டியிருக்கும். 3 முதல் 5 நிமிடப் பயிற்சிகளை நாளுக்குப் பலமுறை அளிப்பது, நீண்ட நேரம் ஒரே முறை அளிப்பதைவிடப் பயன் தரும். முதலில் வீட்டினுள், பின்னர் வாயிலில், அதன் பின்னர் அமைதியான தெருவில், இறுதியாகக் கூட்டமுள்ள இடத்தில் எனப் படிப்படியாகக் கவர்ச்சியைக் கூட்ட வேண்டும். ஒரு படியில் தவறினால் முந்தைய படிக்குத் திரும்புதல் பின்னடைவு ஆகாது.

வெகுமதி, சூழலின் கவர்ச்சிக்கு ஈடாக இருத்தல் அவசியம். வீட்டினுள் பிஸ்கட் துண்டு போதுமானதாக இருக்கலாம்; தெருவில் வேகவைத்த கோழி இறைச்சி தேவைப்படலாம்.

அழைப்பைக் காத்தல்

வந்த நாயைத் திட்டுவதோ அடிப்பதோ கூடாது. எவ்வளவு தாமதமாக வந்தாலும், வந்ததற்கு வெகுமதி அளிக்க வேண்டும். தாமதத்தைத் தண்டிப்பதாக வளர்ப்பவர் எண்ணினாலும், நாய் கற்பது வருகையின் விளைவை மட்டுமே. விளையாட்டை முடிப்பதற்கு மட்டுமே அழைக்காமல், அழைத்து வெகுமதி தந்து மீண்டும் விளையாட விடுவதும் உதவும்.

வீட்டாரின் ஒற்றுமை

வீட்டில் ஒருவர் "உட்கார்" என்றும், மற்றொருவர் "சிட்" என்றும், வேறொருவர் "ஒக்காரு" என்றும் கூறினால், நாய்க்கு அவை மூன்று வெவ்வேறு ஒலிகள் ஆகும். எந்த மொழிச் சொல்லாயினும் அனைவரும் ஒன்றையே பயன்படுத்த வேண்டும். ஒருவர் தடுக்கும் செயலை மற்றொருவர் அனுமதித்தால், அச்செயல் இடையிடையே பலன் பெறுகிறது. இவ்வாறு அவ்வப்போது பலன் பெறும் நடத்தையே மறைவதற்கு மிகவும் கடினமானது.

உணவு மேசையருகே குரைக்கும் நாய்க்கு உணவு தருவதை நிறுத்தினால், முதலில் குரைப்பு கூடுவதுண்டு. இக்கட்டத்தில் பொறுமையிழந்து ஒரு கவளம் கொடுத்துவிட்டால், உரக்கக் குரைத்தால் பலன் உண்டு என்பதை நாய் கற்றுக்கொள்கிறது.

உடற்பயிற்சியும் ஓய்வும்

நாள் முழுவதும் கட்டிவைக்கப்பட்ட நாயிடம் அமைதியை எதிர்பார்க்க இயலாது. நடையும், முகர்ந்து தேடும் விளையாட்டுகளும், போதிய உறக்கமும் தேவை. வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாய்க்கு உரிய உடற்பயிற்சி அளிக்கத் தவறுவது, இந்தியாவின் 1960 ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11 ஆம் பிரிவின்படி குற்றமாகும்.

தண்டனையின் விளைவுகள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2009 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நாயை அடித்தவர்கள் அல்லது உதைத்தவர்களுள் 43 விழுக்காட்டினர், நாய் பதிலுக்குத் தாக்க முற்பட்டதாகத் தெரிவித்தனர். மல்லாக்கத் தள்ளி அழுத்துதலுக்கு இது 31 விழுக்காடாக இருந்தது. போர்ச்சுகலில் 92 நாய்களைக் கொண்டு நடத்தப்பட்டு 2020 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, தண்டனை முறையில் பயிற்சி பெற்ற நாய்களிடம் மன உளைச்சலின் அறிகுறிகளும், பயிற்சிக்குப் பின் கார்ட்டிசால் அளவின் உயர்வும் மிகுதி எனக் கண்டது.

மின்னதிர்ச்சிக் கழுத்துப்பட்டை பற்றி லிங்கன் பல்கலைக்கழகம் 63 நாய்களிடம் மேற்கொண்டு 2020 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, வெகுமதிப் பயிற்சியைவிட அது எவ்வகையிலும் மேலானதன்று எனக் காட்டியது. வேல்சு நாட்டில் இப்பட்டைகளின் பயன்பாடு 2010 ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது.

கருத்தடை அறுவை

ஆண் நாய்களுக்குக் கருத்தடை செய்தால் கீழ்ப்படியாமை நீங்கிவிடும் என்னும் நம்பிக்கை பரவலானது. 1976 ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், அறுவைக்குப் பின் சுமார் 90 விழுக்காடு நாய்களிடம் ஓடி அலைதல் குறைந்தது. சிறுநீரால் அடையாளமிடுதல் ஏறத்தாழ பாதி நாய்களிடம் மட்டுமே குறைந்தது. வாரை இழுத்தல், தாவுதல் போன்றவை பாலியல் இயக்குநீரால் மட்டும் தோன்றுபவை அல்ல என்பதால், அவற்றுக்குப் பயிற்சியே வழி. கோல்டன் ரெட்ரீவர் உள்ளிட்ட சில பெரிய இனங்களில், 1 வயதுக்கு முன் கருத்தடை செய்வது மூட்டு நோய்களின் வாய்ப்பைக் கூட்டுவதாகக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே அறுவைக்கு உரிய வயதைக் கால்நடை மருத்துவருடன் கலந்து முடிவு செய்தல் நன்று.

மருத்துவரை அணுக வேண்டிய சூழல்கள்

எல்லா மாற்றங்களையும் பருவத்தின் மீது சுமத்துதல் தவறு. அழைத்தும் திரும்பாத நாய்க்குக் காதுத் தொற்று இருக்கலாம்; உட்கார மறுக்கும் நாய்க்கு இடுப்பு மூட்டு வலி இருக்கலாம்; திடீரென வீட்டினுள் சிறுநீர் கழிக்கும் நாய்க்குச் சிறுநீர்ப்பாதைத் தொற்று இருக்கலாம். உறுமுதல், கடித்தல் ஆகியவை தோன்றினால் தாமதமின்றி மருத்துவரின் ஆலோசனையைப் பெற வேண்டும். உறுமியதற்காக நாயைத் தண்டித்தால், எச்சரிக்கை மறைந்து கடி மட்டும் எஞ்சக்கூடும். நாய் கடித்தால், அது தடுப்பூசி பெற்ற வளர்ப்பு நாயே ஆயினும், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கைவிடப்படுதல்

அமெரிக்காவின் 12 விலங்குக் காப்பகங்களில் நடத்தப்பட்டு 1998 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, உரிமையாளர்களால் ஒப்படைக்கப்பட்ட நாய்களில் ஏறத்தாழ பாதி 5 மாதம் முதல் 3 வயதுக்கு உட்பட்டவை. காப்பகம் இல்லாத இடங்களில் இத்தகைய நாய்கள் தெருவில் விடப்படுகின்றன. பசியாலும் தாகத்தாலும் துன்புறும் சூழலில் விலங்கைக் கைவிடுவதும் மேற்கூறிய இந்தியச் சட்டப் பிரிவின்படி குற்றமாகும். வீட்டில் வளர்ந்த நாய்க்குத் தெருவில் உணவு தேடவும், தெருநாய்க் கூட்டங்களின் எல்லைகளை அறிந்து ஒதுங்கவும் தெரியாது.

8 மாத வயதில் கைவிடப்படும் நாய், மேலும் சில மாதங்கள் பொறுத்திருந்தால் வளர்ப்பவரின் சொல்லுக்கு மீண்டும் இணங்கத் தொடங்கியிருக்கக்கூடும் என்பதையே மேற்கண்ட ஆய்வுகள் உணர்த்துகின்றன.