அடிபம்பை ரிப்பேர் செய்த கதை

தாராபுரம் சுற்று வட்டாரத்தில் அடிபம்பு தெரியாத ஆள் இருக்க முடியாது. கோயில் முன்னால், பள்ளிக்கூடம் பக்கத்தில் என்று ஊருக்கு ஒன்றாவது நின்றது. அதன் பெயர் இந்தியா மார்க் 2. பல நாடுகளுக்குப் போன இந்த பம்பை ஆழமான போர்களில் மாட்டி சோதித்தது கோவை மாவட்டத்தில்தான், 1976 வாக்கில். அப்போது தாராபுரமும் கோவை மாவட்டத்தில்தான் இருந்தது. 1979ல் பெரியார் மாவட்டத்துக்கும் (பிறகு ஈரோடு), 2009ல் திருப்பூருக்கும் போனது.

சோதனை ஏன் தேவைப்பட்டது? பாறையைத் துளைக்கும் ரிக் வண்டிகள் வந்த பிறகு ஆயிரக்கணக்கில் போர் போட்டார்கள். மேலே மாட்டியது வார்ப்பிரும்பு பம்பு. வெளிநாட்டில் ஒரு பண்ணை வீட்டுக்குச் செய்ததன் நகல் அது. இங்கே ஊரே விடிந்ததிலிருந்து அடித்தால் என்ன ஆகும்? 1970களின் நடுவில் யுனிசெப் கணக்கெடுத்தபோது முக்கால்வாசி பம்புகள் ஓடவில்லை! போர் இருந்தும் பெண்கள் குடத்தோடு பழைய கிணற்றுக்கே திரும்பினார்கள்.

மகாராஷ்டிராவின் சோலாப்பூர் பம்பை அடிப்படையாக வைத்து புதியது உருவானது. கைப்பிடிக்கு பால் பேரிங், ராடைத் தூக்க செயின். சென்னையின் ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் தொழிற்சாலையில் 1977-78ல் உற்பத்தி தொடங்கியது.

பம்பு நல்லதாக இருந்தால் மட்டும் போதுமா? தமிழ்நாட்டில் மூன்று அடுக்கு ஏற்பாடு வந்தது. ஊரில் பம்பைப் பார்த்துக்கொள்ள ஒருவர், ஒன்றியத்துக்கு ஒரு மெக்கானிக், மாவட்டத்துக்கு வேனும் ஆட்களும். பம்பு நின்றால் ஊர்க்காரர் ஒரு தபால் கார்டு போடுவார், அவ்வளவுதான். செல்போன் காலத்தில் சிரிப்பு வரலாம், ஆனால் அந்தக் கார்டு போய்ச் சேர்ந்தால்தான் தண்ணீர்.

மெக்கானிக் எதையும் கழற்றும் முன் கைப்பிடியை அடித்துப் பார்ப்பார். கனமே இல்லாமல் ஆடி, தண்ணீரும் வராவிட்டால் ராடு கழன்றிருக்கும் அல்லது உடைந்திருக்கும். ரொம்ப நேரம் அடித்த பிறகு வந்தால், அடியில் இருக்கும் ஃபுட் வால்வு அல்லது பைப் இணைப்பு கசிந்து தண்ணீர் இறங்கிவிடுகிறது. உடனே வந்தும் அளவு குறைந்தால் சிலிண்டரில் வாஷர் தேய்ந்துவிட்டது. கைப்பிடி பக்கவாட்டில் ஆடினால் பேரிங். பாதி வைத்தியம் இந்தக் கை உணர்வில்தான்.

தலைவலியே வாஷர்தான். சில ரூபாய் பெறும் அந்தத் தோல் வளையத்தை மாற்ற, ஜி.ஐ. பைப் முழுவதையும் ஒவ்வொன்றாக மேலே இழுக்க வேண்டும். அதற்காகவே வேன், அதற்காகவே இத்தனை ஆட்கள். இந்த நிலையை மாற்ற 1983ல் கோவை பகுதியில் இன்னொரு சோதனை ஆரம்பித்தது. அதில் பிறந்தது மார்க் 3. பைப் 65 மில்லிமீட்டர் அகலம், எனவே பைப்பைத் தொடாமல் பிஸ்டனை மட்டும் ராடோடு மேலே எடுக்கலாம். தோலுக்குப் பதில் நைட்ரைல் ரப்பர் வாஷர், அது அதிக நாள் உழைத்தது. வேனுக்குக் காத்திருக்காமல் மெக்கானிக்கே முடித்துவிடலாம்.

ஆனாலும் மார்க் 3 மார்க் 2 அளவுக்குப் பரவவில்லை. அகலமான பைப் கனம், விலையும் அதிகம். ஆழம் கூடக் கூட இரண்டும் ஏறும். வாங்கும்போது மிச்சம் பிடித்த பணம் பிறகு வேன் டீசலில் போனதை யார் கணக்குப் பார்த்தார்கள்?

1990களில் உத்தரப்பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில் கிராமத்துப் பெண்களே ஸ்பேனர் பிடிக்கக் கற்று மார்க் 2 பம்புகளைக் கழற்றி மாட்டினார்கள். பம்பு நின்றால் குடத்தோடு நடக்கப் போவது அவர்கள்தானே.